அளவையும் கருவியும்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி வரை நீளும் புத்தளக் கரையோரத்தில், கரைவலை இழுப்போரும், உப்பளத்து வெயிலில் நிற்போரும், மணற்றரையில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ச்சுவோரும், சலக்கடுப்பென்றோ சலத்திற் சீனியென்றோ வைத்தியரிடம் போனால், அவர் எழுதிக் கொடுக்கும் முதற் சீட்டு பெரும்பாலும் 'யூ.எப்.ஆர்.' என்ற சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டாகவே இருக்கும். அந்தச் சிறு போத்தலை ஒருவர் வாங்கி, மையநீக்கியிற் சுழற்றி, அடியிற் படிந்ததில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நுணுக்குக்காட்டியில் நோக்கி எழுதுவது நெடுநாளைய வழக்கம். இன்று பெரிய ஆய்வுகூடங்களில் ஓர் இயந்திரம் அச்சிறுநீரைச் சுழற்றாமலே மெல்லிய தாரையாக ஓட்டி, லேசர் ஒளியாலோ நிழற்படத்தாலோ துகள்களைப் பிரித்து எண்ணி, அச்சடித்துத் தந்துவிடுகிறது. இவ்விரண்டில் எதனை நம்புவது என்று கேட்பவர், தாம் அறியாமலே, அறிவுக்குப் பிரமாணம் யாது என்ற மிகப் பழைய வினாவைக் கேட்கிறார்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரிலே பொருளை ஆராயப் புகுமுன் பிரமாணமாகிய அளவையை ஆராய்ந்தார். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் ஏனையவற்றை அடக்கினார். ஐயமும் திரிபும் கலந்த காட்சியைப் பிரமாணமென்று கொள்ளாது விலக்கினார். அதனினும் நுட்பமானது, கண் முதலிய இந்திரியங்களும் கருவிகளே, ஆன்மாவின் அறிவாற்றலாகிய சிற்சத்தியே உண்மையில் அளவை என்ற சித்தாந்தக் கொள்கை. இதனை ஒப்புக்கொண்ட பிறகு, கண்ணாற் கண்டது மெய், இயந்திரம் கண்டது பொய் என்று வாதாட இடமில்லை. அறுபதாவது தகட்டை நோக்கும்போது கண் திறந்திருக்கவும் கருத்து வேறிடம் போயிருந்தால், அங்கே நிகழ்ந்தது காட்சியாகாது. மேலும், சுழற்றுவதிலும் வடிப்பதிலும் செங்குழியங்கள் சில சிதைந்தும் தொலைந்தும் போகின்றன. ஒரே தகட்டை இருவர் எண்ணினால் இரு தொகை வருகின்றது. இயந்திரமோ களைப்பறியாது, குறையில்லாத சிறுநீரைக் குறையில்லையென்று விரைவிற் பிரித்து ஒதுக்குவதில் அது பெரும் உபகாரி என்பதை மறுப்பது அதர்மம்.

ஆயினும் அதன் திரிபுகளும் அறியப்பட்டவை. மதுவக் கலங்களையும், கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளில் ஒரு வகையையும், அது செங்குழியமென்று எண்ணிவிடுவதுண்டு; சளியிழையைச் சிறுநீரக நுண்குழாயில் உருவாகும் வார்ப்பென்று கொள்வதுமுண்டு. வியர்வையிலே உடல்நீர் வற்றிச் சிறுநீர் செறியும் இக்கரையோரத்தார்க்கு அப்பளிங்குகள் எளிதிற் படியக்கூடும் என்பதால், இது நமக்கு ஏட்டுச் சங்கதியன்று. தெளிவில்லாதவற்றைக் 'கண்ணாற் பார்க்க' என்று குறியிட்டுத் தரும் இயந்திரம் தன் ஐயத்தையேனும் அறிவிக்கிறது. அஞ்சத்தக்கது திரிபே, கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு அந்நேரத்தில் ஐயமே எழுவதில்லை.

கருதல் உதவிக்கு வருமிடம் இது. நல்லெண்ணெய்த் துளி சிறுநீரில் விரியும் வகைகண்டு வாத பித்த கபங்களைக் கருதியறியும் நெய்க்குறி தேரையர் பெயரால் வழங்குவதை நாம் அறிவோம். இன்றைய சோதனைத் தாளும் நிறத்தை மட்டுமே காட்ட, குருதி உண்டென்பதை நாம் அனுமானிக்கிறோம். தாளில் குருதியின் நிறம் எழவில்லை, இயந்திரமோ செங்குழியம் மிகுதியென்கிறது என்றால், இரண்டும் ஒருங்கே மெய்யாதல் அரிது. நோயாளி உண்ட விற்றமின் சி தாளின் நிறத்தை மறைத்திருக்கலாம். எண்ணப்பட்டது மதுவமாகவும் இருக்கலாம். தீர்ப்பதற்குத் தகட்டையே நோக்க வேண்டும்.

நோக்கினால் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டதும் புலப்படும். சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியிற் கசிந்த செங்குழியம் ஒழுங்கான வட்டமாய்க் கிடக்க, சிறுநீரகத்தின் கலன்கோளத்தை நெருக்கிக் கடந்து வந்தது உருக்குலைந்து, வளைய விளிம்பிற் சிறு குமிழ்கள் புடைக்கக் காணப்படும். இவ்வேறுபாட்டால் குருதி கசியும் இடத்தை உணரலாமென்று மெல்போர்ன் நகரில் ஃபெயர்லியும் பேர்ச்சும் 1982இல் எழுதினர். கல்லா, சிறுநீரக அழற்சியா என்று மருத்துவர் தடுமாறும்போது அக்குமிழ்கள் வழிகாட்டும். அவற்றைத் தேர்ந்தறிவதில் இயந்திரங்கள் இன்னும் பயின்ற கண்ணுக்கு நிகராகவில்லை.

எஞ்சியது உரை. அறிக்கையைக் கையில் வாங்கும் உடப்புத் தாய்க்கு அது காட்சியுமன்று, கருதலுமன்று, ஆப்த வாக்கியம். உள்ளதை அறிந்தவனாய், அறிந்ததை மறையாதவனாய், கேட்பவர்க்கு நன்மை நாடுபவனாய் இருப்பவனே ஆப்தன். பொய் சொல்ல இயலாத இயந்திரத்துக்கு மெய் சொல்லும் பொறுப்பும் இல்லையாதலால் அதனை ஆப்தனாக்க முடியாது. அறிக்கையின் கீழே ஒப்பமிடும் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகிய எம்.எல்.ரி.யே இங்கு ஆப்தர். ஆகவே இயந்திரம் வந்த ஆய்வுகூடத்திலும், அது குறையில்லையென்று ஒதுக்கியவற்றுள்ளும் நாடோறும் சிலவற்றை எடுத்துத் தகட்டிலிட்டு, பயிலும் மாணவர்க்குக் காட்டியே நோக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன். உருக்குலைந்த குழியத்தை ஒருமுறையும் காணாதவர், திரிபு நேர்ந்த நாளில் அதனை எதனோடு ஒப்பிட்டு அறிவார்?