கதவுக்கு உள்ளே

பிரசவ வார்டின் கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு நர்ஸம்மா வெளியே வந்ததும், வராந்தாவில் காத்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்தது. "என்ன குழந்தை?" "எத்தனை கிலோ?" பதில் துல்லியமாக வந்தது: பெண் குழந்தை, 2 கிலோ 850 கிராம். ஒருவர் செல்போனை எடுத்தார். இன்னொருவர் சாக்லேட் வாங்க ஓடினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அந்தச் சாத்திய கதவு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. பிரசவத்தை மறுபிறப்பு என்கிறோம். குழந்தை அழுததும் கண்டம் கழிந்தது என்று மூச்சுவிடுகிறோம். தாய்க்கோ பெரிய கண்டம் அப்போதுதான் வருகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். கருப்பை கல் மாதிரி இறுகினால்தான் அவை அடைபடும். இறுகாமல் தளர்ந்து கிடந்தால், உயிர் போக நெடுநேரம் வேண்டாம்.

நம் கண்ணெல்லாம் குழந்தை பக்கம் திரும்பும் நேரமும் அதுதான். குழந்தையைத் தராசில் போட்டு கிராம் கணக்கில் நிறுக்கிறோம். தாய் இழந்த ரத்தத்தை? துணியிலும் பஞ்சிலும் ஊறியதைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு. கண் பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அதில் சோதித்த முறை இது: தாயின் இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனியில் ரத்தம் சேரும் பை. பையின் மேல் அளவுக்கோடுகள். ரத்தம் 500 மில்லி கோட்டைத் தொட்டால் கருப்பையை நீவிவிடுவது, அது சுருங்க மருந்து, ரத்தப்போக்கை நிறுத்த ஊசி, டிரிப், எங்கிருந்து கசிகிறது என்ற சோதனை எல்லாம் ஒரே மூச்சில். அந்தக் கோட்டைத் தொடும் முன்னரே சிகிச்சை தொடங்கவும் இடமுண்டு. வழக்கமான முறையில் பார்த்த ஆஸ்பத்திரிகள் மிகை ரத்தப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தன. இந்த விரிப்பு இருந்த இடங்களில் 100-க்கு 93. கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் வயிற்று அறுவையும் சாவும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

அந்த மருந்துகள் முன்பும் அலமாரியில் இருந்தவைதான். அதனால் எனக்கு அந்தக் கோடுதான் பெரிதாகப் படுகிறது. குழந்தை வந்து சேர்ந்ததும் தாய் வெறும் வாசலாகிவிடுகிறாள். வந்தவரை வரவேற்கும் அவசரத்தில் வாசலை யார் பார்ப்பது? பிளாஸ்டிக்கில் போட்ட ஒரு கோடு அவளைப் பார்க்கவைத்தது.

அன்று வராந்தாவில் ஒரு அம்மாள் மட்டும் குழந்தையிடம் போகவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டியபடி கதவோரமே நின்றார்.

"எம்புள்ள எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு பாட்டி, நல்லா அழுதுச்சு."

"அது இல்லம்மா. நான் பெத்த புள்ள."

நர்ஸம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். குழந்தையைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.