ஓடுபாதையில் ஒரு காலை

துயரம் நடந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமானநிலையம் 2008இல் மூடப்பட்டு, 2010இல் பொதுப்பூங்காவானது. காலையில் அதன் ஓடுபாதையில் ஓடிவிட்டு, புல்வெளியில் ரொட்டியைப் பிரிக்கையில் எனக்கு வந்த கேள்வி இது. அந்த மைதானத்தின் விளிம்பில்தான் நாஜிகளின் கொலம்பியா வதைமுகாம் இருந்தது. போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்கள் அங்கே போர்விமானங்கள் செய்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தைப் பூட்டிவைப்பதே மரியாதை என்று தோன்றும். ஆனா, பூட்டின இடத்துக்கு யாரு வருவா? 2014 வாக்கெடுப்பில் பெர்லின்வாசிகள் கட்டடங்களை மறுத்து, வெளியை வெளியாகவே வைத்துக்கொண்டார்கள். மனிதரை அடைத்துவைத்த மண்ணில் யாரும் இஷ்டத்துக்கு ஓடலாம் என்பதே அடைத்தவர்களுக்கு ஒரு பதில்.

ஓடுபவனுக்கு அது எதற்கான பதில் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே தகவல் பலகைகள் நிற்கின்றன. ஊர்க்காரர் தினமும் வாசிக்க வேண்டாம். விருந்தாளியான நான் வாசித்துவிட்டுத்தான் துணி விரிக்கணும்.