சும்மா செய்கிற வேலை

அக்கா மகன் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி படிக்கிறான். தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் திறந்தமூல மென்பொருள் ஒன்றில் கோளாறு இருந்ததாம். இராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து, நிரலைச் சரிசெய்து அனுப்பினான். ஏற்றுக்கொண்டார்கள். அம்மா கேட்டார்: "எவ்வளவு குடுத்தாங்க கண்ணு?"

"பணமெல்லாம் இல்லீங் அம்மிச்சி. சும்மா செய்யறதுதான்."

"எங்கய்யன் சும்மா செஞ்சது பத்தாதா?"

என் அப்பிச்சி கவலைக்குத் தோல் பறி தைத்தவர். மோட்டார் வருவதற்கு முன் கொங்குச் சீமையில் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது அருந்ததியர் தைத்த தோலில்தான். பறி கிழிந்தால் இராத்திரியிலும் கூப்பிடுவார்கள். கூலி கேட்க முடியாது, களத்தில் அளந்து போட்டதுதான். அந்தத் தண்ணீரை அவர் மொண்டு குடிக்கவும் முடியாது, கையில் ஊற்றுவார்கள்.

அம்மாவின் கேள்வியைப் பழைய ஆளின் புலம்பல் என்று தள்ள முடியாது. 2014இல் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியானபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: உலகத்துப் பெரிய கம்பெனிகள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர் நன்கொடையை வைத்துக்கொண்டு காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் வெட்டி.

ஆனாலும் பறியும் நிரலும் ஒன்றல்ல. நம்மில் பலர் தமிழ் அடித்துப் பழகிய இ-கலப்பைகூடச் சும்மா வந்ததுதான். (கலப்பை என்றதும் யாருடைய கலப்பை என்று கேட்கத் தோன்றுகிறது, அது என் வியாதி.) ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் எழுதிய ஜிபிஎல் உரிமப்படி நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். அதாவது, பறி தைத்தவனுக்கும் கிணற்றில் பாத்தியதை உண்டு. எவனும் வேலி போட முடியாது. அப்பிச்சிக்கு இல்லாமல் போனது கூலி மட்டுமா? இந்தப் பாத்தியதையும்தானே. எல்லா உரிமமும் இப்படியல்ல. எம்ஐடி உரிமத்தில் கொடுத்ததைக் கம்பெனி எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். பையன்கள் இதைப் படிக்காமலே எழுதிக் கொடுக்கிறார்கள்.

'திறந்த' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. மகாத் குளம்கூடத் தீர்மானப்படி திறந்துதான் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. இந்தக் குளமோ சொந்த லேப்டாப், ஆங்கிலம், சம்பாதிக்கத் தேவையில்லாத இராத்திரி இருப்பவனுக்குத்தான் திறந்திருக்கிறது. கணினிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். கணினிக்குத் தெரியாது, சரி. எல்காட் நிறுவனத்தை லினக்ஸ் பக்கம் திருப்பிய உமாசங்கரை, சாதிச் சான்றிதழ் போலி என்று சொல்லி 2010இல் அரசு இடைநீக்கம் செய்தது. பிறகு திரும்பப் பெற்றது. பல திட்டங்கள் ஏற்றுக்கொண்டுள்ள 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' நடத்தை விதியில் 2021இல் 'சாதி' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். இல்லாத நோய்க்கு யார் மருந்து எழுதுவார்கள்?

விட்டுவிடு என்று பையனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறவன், மிஞ்சிய இராத்திரியைத்தான் இதற்குக் கொடுக்கிறான். திரையில் தன் பெயரை அம்மாவுக்குக் காட்டினான். எந்த வரியை, எந்தத் தேதியில், யார் எழுதினார் என்று அதில் பதிந்திருக்கிறது. அப்பிச்சி தைத்த பறி எதிலும் அவர் பெயர் இல்லை. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"செரி, பேரு இருக்குது. நாளைக்கு எவனாச்சும் இத எடுத்துப் பூட்டி வெச்சுக்கிட்டா என்ன பண்ணுவே?"

அவன் அப்போதுதான் உரிமக் கோப்பைத் திறந்தான்.