யாருடைய தவக்குல்?

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மகளைப் பெற்றவன் அவளுக்கு ஒரு வீட்டை எழுப்பியாக வேண்டும். நானும் எழுப்பிக்கொண்டிருக்கிறேன். வட்டிக் கடன் வாங்கவில்லை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசு. சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் நான் வாங்கிப் போடுவேன். ஆட்களை மேஸ்திரி கூட்டி வருவார்.

வேலைக்கு இன்சூரன்ஸ் எடுக்கப்போகிறேன் என்றதும், “அப்போ அல்லாஹ்வின் மேல் தவக்குல் இல்லையா?” என்று பள்ளிவாசலில் ஒருவர் கேட்டார். தவக்குல் என்றால் பொறுப்பை இறைவனிடம் விட்டு அவனை நம்புவது. பக்கத்திலிருந்தவர் உடனே ஒட்டகத்தைக் கொண்டுவந்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபியவர்கள் சொன்னதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தி அது. முன்ஜாக்கிரதை ஈமானுக்கு எதிரல்ல என்பதற்கு அது போதும். ஆனால் பிரீமியம் என்ற கொடுக்கல் வாங்கலுக்கு அதையே சான்றாக்க முடியாது. மார்க்க அறிஞர்களான ஆலிம்களின் தயக்கம் ஒப்பந்தத்தைப் பற்றியது. கட்டுகிற பணத்துக்கு ஏதாவது கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்று இரு தரப்புக்கும் தெரியாது. சூதின் சாயலும் வட்டியும் அதில் கலக்கின்றன. கப்பல் சரக்குக்கு வணிகர்கள் இப்படிப் பணம் கட்டும் வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து, கூடாது என்று எழுதியவர் டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன். 1985-இல் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமியும் வணிக இன்சூரன்ஸை மறுத்தது. பங்களிப்போர் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. தகாஃபுல் எனப்படும் அந்த முறைக்கு மலேசியா அதற்கு முந்திய ஆண்டே தனிச் சட்டம் போட்டுவிட்டது. அங்கே வீடு கட்டுகிறவருக்கு வழி இருக்கிறது. இங்கே என் வீட்டுக்கு அப்படியொரு பாலிசி கிடையாது.

இந்த விவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு.

2023 டிசம்பரில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு மழை நாளை வந்து என் பேஸ்மட்டத்தைக் கரைத்துக்கொண்டு போனால், போவது என் காசு. ‘அவன் கொடுத்தான், அவன் எடுத்தான்’ என்று நான் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு எனக்கு உரிமை உண்டு. சாரத்தில் நிற்கிறவனுடைய விஷயத்தில் அந்த உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

முதல் மாடி வேலையின்போது அண்ணாந்து பார்த்தேன். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் வரிந்து கட்டிய சாரம். அதன் மேல் ஒற்றைப் பலகை. ரப்பர் செருப்போடு ஒரு நிமிந்தாள் கலவைச் சட்டியைக் கொத்தனாருக்கு எட்டிக் கொடுக்கிறான். கொடுக்கும்போது ஒரு காலின் குதிகால் பலகைக்கு வெளியே நிற்கிறது. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருக்கிறது. மேஸ்திரியிடம் பேசினேன். “மேல இருக்கிறவன் பாத்துக்கிடுவான், பாய். எத்தனை சாரம் கட்டியிருக்கேன்” என்றார். அவர் நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தன் உயிரை அந்த நம்பிக்கையில் விடலாம். அந்தப் பையனின் குழந்தையை எங்கள் இருவரின் நம்பிக்கையின் மேல் உட்காரவைக்க அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தபோது, நபியவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தச் சொன்னார்கள்; வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலைக்கு வரக்கூடாது என்பது காரணம். தர்மத்துக்கே அந்த வரம்பு இருக்கும்போது, தவக்குலின் செலவை மட்டும் அடுத்தவன் பிள்ளையின் தலையில் எப்படி வைப்பது?

இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து பாலிசியைப் படித்தபோது இது இன்னும் உறைத்தது. கட்டட வேலைக்கு ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்ற பாலிசி இருக்கிறது. முதல் பாகம், எழும்பும் கட்டடத்துக்கும் இறக்கிவைத்த சாமானுக்கும். வேலை முடியும்போது என்ன மதிப்போ அந்த முழுத் தொகைக்கு எடுக்க வேண்டும், பிளானிலேயே தவறு இருந்தால் அந்தத் தவறைச் சரிசெய்யும் செலவு வராது. இரண்டாம் பாகம், நம் வேலையால் வெளியாருக்கு வரும் சேதத்துக்கு. அந்த ‘வெளியார்’ கணக்கில் நம் தளத்தில் வேலை செய்யும் ஆட்கள் வரமாட்டார்கள். வீட்டுக்குப் பாலிசி எடுத்துவிட்டோம், எல்லாம் அதில் அடங்கும் என்று எத்தனையோ பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அடங்காது. ஆட்களுக்குத் தனிப் பாலிசி வேண்டும். வேலையின் தன்மையையும் மொத்தக் கூலியையும் வைத்து பிரீமியம் போடுவார்கள். 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலையில் இறந்தவரின் வயதையும் மாதக் கூலியையும் வைத்துத் தொகை கணக்கிட்டது. வயது குறைந்தவருக்குத் தொகை கூடும். லேபர் கான்ட்ராக்டில் முதலாளி நானா மேஸ்திரியா என்று கோர்ட்டில் வாதாட இடமிருக்கலாம். மறுமையில் அந்த வாதம் எடுபடுமென்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் முதலில் ஆட்களுக்கான பாலிசியை எடுத்தேன். அதற்குமுன் சாரத்துக்கு இரட்டைப் பலகையும் இடுப்பு வாரும் வாங்கிக் கொடுத்தேன். ஒட்டகத்தின் கயிறு உண்மையில் அதுதான்.

அடுத்தது பக்கத்து வீட்டுச் சுவர். அது ஒரு விதவை ராத்தாவின் பழைய காரைச் சுவர். நான் வானம் தோண்டியது அதை ஒட்டி. அவருக்காக இரண்டாம் பாகம் வேண்டும். முதல் பாகத்தை எடுக்காமல் அது கிடைக்கவில்லை. ஆகவே இரண்டையும் எடுத்தேன். என் கட்டடத்துக்கென்று ஏதாவது வந்தால், கட்டிய பிரீமியம் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டுமென எழுதி வைத்திருக்கிறேன். இதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மனம் அமைதிப்படும் பக்கம் நின்றுகொண்டேன்.

வீடு முடிந்தபின்? 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி வந்திருக்கிறது. மனையின் விலையைச் சேர்க்காமல் திரும்பக் கட்டும் செலவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வெள்ளம், புயல், கலவரம் எல்லாம் அடங்கும். பத்து ஆண்டுகள் வரை எடுக்கலாம். அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கிட்டாள்.

“வீடு என் பேர்லதானே வாப்பா? சாவி குடுத்த பொறகு தவக்குல் வைக்கிறதா, பாலிசி எடுக்கிறதான்னு நான் பாத்துக்கிடுறேன்.”

என் வாதத்தின்படி அதற்கு மறுபேச்சில்லை. சாவி கொடுக்கும் நாள்வரை நட்டம் என்னுடையது. அதன்பின் முடிவு அவளுடையது.