பறவையின் கருதலும் மனிதரின் அறமும்

கூடு கட்டும் இடத்தைப் பறவை தேர்ந்துகொள்வது இயல்பூக்கத்தின் செயலா, அறிவின் செயலா என்னும் வினா, உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் விலங்குகளை ஐயறிவின என்றும், மக்களை மனம் என்னும் ஆறாம் அறிவும் உடையவர் என்றும் வகுக்கிறது. எனினும் ஒருசார் விலங்குகளுக்கும் மனவுணர்வு உண்டெனக் கொண்ட பழைய உரை, யானையோடும் குரங்கோடும் கிளியையும் எண்ணுகிறது.

இன்றைய பறவையியல் இவ்வினாவுக்குப் புதிய சான்றுகளைத் தருகிறது. இன்னும் இனப்பெருக்கம் தொடங்காத இளம் பறவைகளும், அவ்வாண்டு கூடு இழந்த பறவைகளும், பருவத்தின் பிற்பகுதியில் பிற பறவைகளின் கூடுகளைச் சுற்றிவந்து பார்வையிடுகின்றன. வரும் ஆண்டுக்கான இந்த உளவை முன்தேடல் எனலாம். அப்போது கூடுகளில் வளர்ந்த குஞ்சுகள் இருப்பதால், எவ்விடம் குஞ்சுகளைக் காக்கும் இடம் என்பது வெளிப்படையாகத் தெரியும். பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையில் கிட்டிவேக் என்னும் கடற்காகங்களிடம் இவ்வழக்கம் விரிவாக ஆராயப்பட்டது. சுவீடனின் கோட்லாந்துத் தீவில் ஈப்பிடிப்பான்களின் குஞ்சுகளைச் சில பகுதிகளிலிருந்து எடுத்து வேறு பகுதிக் கூடுகளில் சேர்த்த ஆய்வாளர்கள், அடுத்த ஆண்டில் பறவைகளின் போக்கும் வரவும் அதற்கேற்ப மாறியதை 2002இல் வெளியிட்டனர்.

சைவ சித்தாந்தம் அறிவின் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளாகக் கொள்ளும். புகையைக் கண்டு, காணாத நெருப்பை உணர்வது கருதல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள மாறாத் தொடர்பாகிய வியாப்தியே அதற்கு அடிப்படை. அயல்கூட்டின் குஞ்சைக் கண்டு, இன்னும் வாராத தன் குஞ்சின் வாழ்வை நோக்கி நகரும் பறவையிடம் சொல் இல்லை. ஆயினும் அதன் செயலின் வடிவம் கருதலின் வடிவமே. இவ்வாண்டு வளம் தந்த நிலம் மறு ஆண்டும் தரும் என்பதே அதன் வியாப்தி.

பாலாற்றுச் சமவெளியில் பனைகளிலும் கிணற்றோர மரங்களிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளும் இத்தகைய ஆராய்வுக்கு உட்பட்டவையே. ஆண் பாதி முடைந்த கூட்டைப் பெண் வந்து பார்த்து ஏற்றபின்தான், ஆண் நீண்ட நுழைவுக் குழலைச் சேர்த்து அதை முடிக்கிறது என்பதைப் பறவையியலாளர் சலீம் அலி 1931இல் விளக்கினார். இதே சமவெளியில்தான் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ வேளாண்மைக்கு உதவாமற்போனதைக் குறிப்பிட்டு, முன்னெச்சரிக்கை நெறியையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியையும் நாட்டின் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது.

நிலம் இவ்வாறு திடுமெனக் கெடும்போது, பறவையின் கருதல் பிழைபடுவது அதன் அறிவுக் குறையால் அன்று. நேற்றைய குறிக்கும் நாளைய பயனுக்கும் இருந்த தொடர்பை மனிதர் அறுத்ததால் ஆகும். வெளித்தோற்றத்தில் நல்லதாய் இருந்து, வந்து தங்கும் உயிரைக் கெடுக்கும் இடத்தைச் சூழலியலார் பொறி என்பர். ஆகவே கொல்லாமை என்னும் அறத்துள், வேற்றுயிர் நம்பிவரும் குறியைப் பொய்யாக்காமையும் அடங்கும். கரையின் பனையை வெட்டாது காப்பதும், ஆற்றில் கழிவு கலவாது தடுப்பதும், ஆறாம் அறிவு தமக்கு உண்டெனச் சொல்லும் மக்கள் செலுத்தியே தீரவேண்டிய கடன்.