சாடியிற் பொறித்த பெயர்

வரலாறு மறந்த மனிதரைச் சிறுவர்க்கு அறிமுகஞ் செய்யும் சித்திர நூல்கள் அமெரிக்காவிலே பெருகிவருகின்றன. மன்னரையும் தளபதியரையும் விட்டுக் கைவினைஞரை நாடும் இப்போக்கை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. மறக்கப்பட்டவரை மீட்கும்போது, மறக்கச் செய்தவர்களைப் பேசாமல் விடலாமா?

தென் கரோலினா மாநிலத்து எட்ஜ்பீல்ட் பகுதியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமையாய் வாழ்ந்த குயவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இறைச்சியை உப்பிட்டுச் சேமிக்கும் பெருஞ்சாடிகளை அவர் வனைந்தார். 1859இல் மற்றோர் அடிமையுடன் சேர்ந்து 40 கலன் கொள்ளும் சாடியொன்றையும் ஆக்கினார். ஈரக் களிமண்ணிலே ஈரடிச் செய்யுள்களைப் பொறித்து 'டேவ்' என்று ஒப்பமிட்டார். பல சாடிகளில் உடைமையாளரான லூயிஸ் மைல்ஸின் பெயரெழுத்துகளும் உள. அறியப்பட்ட செய்யுள்களுள் முந்தியது 1834 ஜூலைக்குரியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை அம்மாநிலம் சட்டத்தால் தடைசெய்தது. கற்பித்தவர் வெள்ளையராயின் 100 டொலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். அடிமையாயின் 50 வரை கசையடி. விடுதலைக்குப் பின், 1870ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் அவர் டேவிட் டிரேக் என்று பதிவானார்.

அவரைப் பற்றி லேபன் கரிக் ஹில் எழுத, பிரையன் கோலியர் சித்திரந் தீட்டிய நூல் 2010இல் வெளியாயிற்று. களிமண் பாத்திரமாக எழும் காட்சியில் அக்கைகளின் வலிமையை நாமே உணர்கிறோம். ஆனால் கதைப்பகுதி பெரும்பாலும் வனைதலையே பேச, அடிமை முறையின் வரலாறு பிற்குறிப்பிலேதான் விரிகின்றது. பிஞ்சு மனத்தைக் காக்கவே அவ்வாறு என்பர். இவ்வாதத்தை நாம் எளிதிற் தள்ளிவிடவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் கசையடியைப் பற்றிப் பேசுதல் இலகுவன்று. எனினும் உழைப்பின் அழகை மட்டும் காட்டி, அதன் பயன் யார் வீட்டை அடைந்தது என்பதைச் சொல்லாதொழிந்தால், பிள்ளை காண்பது தன் தொழிலை விரும்பிச் செய்யும் சுதந்திர மனிதரையே. அது பொய்.

அன்ட்ரியா செங் 2013இல் இதே வாழ்வைக் கவிதைகளாக்கினார். அங்கே டேவும் பேசுகிறார். அவரை உடைமையாய் வைத்திருந்தோரும் பேசுகின்றனர். ஆவணம் மௌனிக்கும் இடத்திலே கற்பனை பேசுவது பிழையன்று. உடைமையாளரின் கணக்கேடு அடிமையின் மனத்தை என்றுமே எழுதிவைத்ததில்லை. பிரிந்துபோன உற்றாரை எண்ணி 1857இல் அவரே ஒரு சாடியில் எழுதினார். அத்துயரைக் கற்பனை செய்யும் உரிமையை அச்சாடியே கவிஞருக்கு வழங்குகின்றது. ஆனால் அடிமை நிலையிலே அமைதி கண்டவராக அவரைப் பேசவைக்க எவருக்கு உரிமையுண்டு?

2021இல் அவர் சாடியொன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. பொஸ்டன் நுண்கலை நூதனசாலையோ 2025இல் தன்னிடமிருந்த இரு சாடிகளின் உரிமையை அவருடைய வழித்தோன்றல்களிடம் ஒப்படைத்து, ஒன்றை அவர்களிடமே விலைகொடுத்து மீளப் பெற்றது.

இந்நூல்களைத் தமிழாக்கப் புகுபவர் முதல் வரியிலேயே தடுமாறுவார்: 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? ஆங்கிலத்தில் இவ்வினா எழுவதில்லை. நரைத்த குயவரையும் ஒருமையில் அழைத்துப் பழகிய ஊர்கள் நம்முடையவை. நாம் 'அவர்' என்றே எழுதுவோம். பெயரை, சாடியில் அவர் பொறித்தவாறே டேவ் என்றும், இறுதிப் பக்கத்திலே டேவிட் டிரேக் என்றும்.