விதைக்கு உரியவர் யார்?

ஓர் உண்மையைக் கண்டறிந்தவருக்கே அதன் பெருமையை அளிப்பது உலக வழக்கம். ஆனால் அவ்வுண்மை பெயரறியப்படாத எண்ணற்ற மனிதரின் கைகளிலே நெடுங்காலம் வாழ்ந்து வந்திருப்பின், அதற்கு உரியவர் யார்? அதன் பயன் யாரைச் சேரவேண்டும்? இவ்வினாவை ஆராய, இறுங்கு என்னும் எளிய தானியத்தின் வரலாறு எமக்குத் துணைபுரிகின்றது.

இன்றைய சூடானின் கிழக்குப் பகுதியிலே ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இறுங்கைப் பயிரிட்டனர். காட்டு இறுங்கின் மணிகள் முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராது நின்ற கதிர்களைக் கொய்து, அவற்றையே மீண்டும் மீண்டும் விதைத்தமையாற் பயிர் உருவாயிற்று. பரம்பரையலகு என்ற சொல்லை அறியாத அம்மக்கள், பரம்பரையின் விதியைக் கையாளத் தெரிந்திருந்தனர். எத்தியோப்பிய உழவர் ஓரின இறுங்குக்கு 'என் வாயிற் பால்' என்ற பொருளுடைய பெயரையே இட்டிருந்தனர். அந்நாட்டு இறுங்கினங்கள் இரண்டில், உடலுக்கு இன்றியமையாத லைசீன் மிகுந்திருப்பதை ஆய்வாளர் 1973ஆம் ஆண்டிலேயே உலகுக்கு அறிவித்தனர்.

விஞ்ஞானத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று. இறுங்கின் உயரத்தை நான்கு பரம்பரையலகுகள் ஆளுகின்றன என்பதை 1954இல் குவின்பியும் கார்ப்பரும் எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில், ஆண்மலட்டுச் செடிகளைக் கொண்டு கலப்பு விதை பெறும் வழியை ஸ்டீவன்சும் ஹொலண்டும் காட்டினர். அமெரிக்க வயல்களில் விளைவு பெருகிற்று. ஆயின், கலப்பினத்தின் மணியை மீள விதைத்தால் அடுத்த தலைமுறையிற் குணங்கள் பிரிந்து வீரியம் குன்றும். ஆகவே ஆண்டுதோறும் புதுவிதை வாங்கவேண்டும். அக்கலப்பின் பெற்றோர் இனங்களும் ஆபிரிக்க வழிவந்தவையே. விதையைத் தேர்ந்தெடுத்தவன் விதைக்கு விலைகொடுப்பவனாக மாறிய கதை இதுவாகும்.

பூத்தபின் மழை பொய்த்தாலும் இலை காயாது பசுமையாய் நிற்கும் குணத்தை எடுத்துக்கொள்வோம். இக்குணத்துக்காக இறுங்கு வளர்ப்பாளர் பெரிதும் நாடும் 'பீ 35' என்னும் வழி, எத்தியோப்பிய நாட்டினம் ஒன்றிலிருந்து தோன்றியது. இக்குணத்துக்குரிய நான்கு முக்கிய பகுதிகளை ஆய்வாளர் நிறமூர்த்தங்களில் இனங்கண்டுள்ளனர். பூக்குமுன் இலைப்பரப்பைச் சுருக்கி, மண்ணிலுள்ள நீரைப் பின்னாளுக்கென அச்செடி சேமிக்கின்றது.

ஆய்வுகூடத்தில் உழைத்தவருக்கு உரிமையில்லையா எனச் சிலர் வினவலாம். உண்டு. ஆனால் அவர்கள் அந்தப் பரம்பரையலகைப் படைக்கவில்லை, கண்டறிந்தனர். இறுதியில் உழைத்தவர் மட்டுமே உழைத்தவர் என்பது, கூரை வேய்ந்தவனே வீட்டுக்கு உடையவன் என்பதை ஒக்கும்.

அப்படியாயின், விதை பிறந்த நாடுகள் அதனைப் பூட்டிவைத்தல் நியாயமா? 2013ஆம் ஆண்டின் பின் அமெரிக்கக் கண்டங்களிற் பரவிய, சாறுறிஞ்சும் சிறு பூச்சியொன்று ஹெயிட்டியின் ஏழை உழவரது இறுங்கை அழித்தது. அதனை எதிர்த்து நின்ற பரம்பரையலகும் எத்தியோப்பிய இறுங்கிலிருந்து வந்ததே என்பதை 2022இல் வெளியான ஆய்வு காட்டிற்று. விதை பூட்டப்பட்டிருப்பின் பட்டினி கிடந்திருப்போர் செல்வரல்லர்.

ஆகவே, பகிர்வு வேண்டும். பகிர்வோடு கடனுணர்வும் வேண்டும். உணவுக்கும் விவசாயத்துக்குமான தாவர மரபுவளங்கள் பற்றிய 2001ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, இறுங்கைப் பொதுப் பரிமாற்றத்துக்குரிய பயிர்களுள் ஒன்றாக்கி, உழவர் உரிமையையும் ஏற்றுள்ளது. ஏட்டில் ஏற்றது வயலுக்கு வருதல் வேண்டும். எத்தியோப்பியக் கிராமமொன்றிற் பிறந்த கெபிசா எஜெட்டா, இறுங்கின் வேரைப் பற்றி உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களையைத் தாங்கும் இனங்களை உருவாக்கினார்; 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஆபிரிக்க ஏழை உழவரின் முதற்பகையை ஆய்வின் முதற்பொருளாக்கிய அவ்வழியே கடன் தீர்க்கும் வழி. நன்றியுரையாற் கடன் தீராது. விதை தந்தவனின் பசியை ஆற்றாத விஞ்ஞானம், தான் பெற்ற விதைக்கு இன்னும் விலை கொடுக்கவில்லை என்றே நாம் கொள்ளவேண்டும்.